மால்டாவில் எங்கே தங்குவது? ராத்திரியை யோசித்துவிட்டு முடிவு செய்யுங்கள்

கேள்வி இது. ஜூலைக் கடைசியில் 7 இரவு மால்டா. கணவன், மனைவி, 15 வயதுப் பையன், 7 வயதுப் பெண், முட்டிவலியுள்ள 70 வயது மாமியார். ஊர் கலகலப்பாக இருக்க வேண்டும், ஆனால் ராத்திரி தூங்கவும் முடிய வேண்டும். சின்னவளுக்கு மணல் கடற்கரை வேண்டும். மாமியார் சைவம். செயின்ட் ஜூலியன்ஸ், ஸ்லீமா, மெல்லிஹா, கோசோ என்று ஆளுக்கொரு ஊர் சொல்கிறார்கள், எதை எடுப்பது?

சரி. ஆளுக்கொரு ஊர் சொன்னார்களே, அவர்கள் யாரும் தப்பாகச் சொல்லவில்லை. அவரவர் குடும்பத்துக்கு அது பொருந்தியிருக்கும். பிள்ளை குட்டி இல்லாத ஜோடிக்குச் சொர்க்கமாக இருந்த தெரு உங்கள் மாமியாருக்கு ஏழு நாள் தண்டனையாகலாம். வேலை காரணமாக நான் இரண்டு வருடம் அங்கே இருந்தேன். வந்து போன சொந்தபந்தம், நண்பர்கள் எல்லோருக்கும் இடம் பிடித்துக் கொடுப்பது என் தலையில்தான் விழுந்தது. அதில் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று. மால்டாவில் பகலை வைத்து ஊர் தேடாதீர்கள், ராத்திரியை வைத்துத் தேடுங்கள்.

மால்டா தீவின் நீளம் சுமார் 27 கிலோமீட்டர், அகலம் 14. எங்கே தங்கினாலும் பகலில் நீங்கள் போகப்போவது அதே இடங்களுக்குத்தான்: தலைநகர் வலேட்டா, பழைய தலைநகர் இம்டினா, கொமினோ என்ற குட்டித் தீவு, ஏதாவது ஒரு கடற்கரை. ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கு உப்பும் வெயிலுமாகத் திரும்பி, குளித்து, பசியோடு வாசலுக்கு வரும்போது எதிரே என்ன இருக்கிறது என்பது ஊருக்கு ஊர் மாறும். அந்த நேரத்தில் யாரும் மறுபடி பஸ் ஏற மாட்டார்கள். முட்டிவலிக்காரர் நிச்சயமாக ஏற மாட்டார். வாசலிலிருந்து இருநூறு அடிக்குள் என்ன இருக்கிறதோ அதுதான் உங்கள் விடுமுறை. நீச்சல் குளத்தின் படத்தைப் பார்த்து முன்பதிவு செய்கிறவர்கள் கோட்டை விடுவது இங்கேதான்.

அப்புறம் தீவின் அமைப்பு. மால்டா ஒரு பக்கம் தூக்கி வைத்த பலகை மாதிரி. தென்மேற்கே டிங்லி பக்கம் சுமார் 250 மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக நிற்கும் பாறை, அங்கிருந்து வடகிழக்காகச் சரிந்துகொண்டே வந்து கடலில் இறங்கும். வளைகுடாக்களும் துறைமுகங்களும் சரிவுப் பக்கத்தில்தான். அதனால் ஊர்களும் ஹோட்டல்களும் அந்தக் கரையில் வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கரை முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. மணல் கொஞ்சம்தான், அந்தக் கொஞ்சத்திலும் நல்லது பெரும்பாலும் வடக்கே இருக்கிறது. கலகலப்பான ஊர்கள் நடுவில் பாறைக்கரையில், மணல் ஒரு மணி நேரம் தள்ளி. உங்கள் கேள்வியின் சிக்கலே இதுதான். இரண்டும் ஒரே வாசலில் கிடைக்காது. கிடைக்கும் என்று ஏதாவது விளம்பரம் சொன்னால் படத்தில் இருக்கும் மணலை இன்னொரு முறை பாருங்கள்.

செயின்ட் ஜூலியன்ஸை முதலில் முடித்துவிடுகிறேன். இந்த ஒரே பெயருக்குள் இரண்டு ஊர் இருக்கின்றன. ஸ்பினோலா, பல்லூட்டா என்ற இரு வளைகுடாக்களைச் சுற்றி இருப்பது ஒன்று: மீன்படகுகள், தண்ணீரோரம் மேசை போட்ட உணவகங்கள், தண்ணீரில் நிழல் விழும்போது நேராகப் படிக்கிற மாதிரித் தலைகீழாக நிறுத்திய ஒரு கல்லெழுத்துச் சிற்பம். அழகான இடம். அங்கிருந்து மேலே ஏறிப் பத்து நிமிஷம் நடந்தால் வருவது இன்னொன்று, பாச்சவில். தீவின் இரவு விடுதிகளில் பெரும்பாலானவை அந்த நாலைந்து தெருக்களுக்குள் அடைந்து கிடக்கின்றன. இருபத்திரண்டு வயதில் நண்பர்களோடு போகிறவன் வேறெங்கும் தங்க வேண்டாம், அங்கேயே தங்கட்டும். உங்களுக்கு அது ஆகாது.

பாட்டுச் சத்தம் கூடப் பரவாயில்லை, ஜன்னலைச் சாத்திவிடலாம். நான் போன முதல் மாதம் "அமைதியான சந்து" என்று போட்டிருந்த ஒரு வீட்டை அந்தப் பக்கம் எடுத்தேன். சந்து அமைதிதான், விடியற்காலை நாலு மணி வரைக்கும். அதற்கப்புறம் பின்வாசல் வழியாக அன்றைய காலி பாட்டில்களை எல்லாம் ஒரு பெரிய தொட்டியில் கொட்டுவார்கள். ஒன்றிரண்டு இல்லை, நூற்றுக்கணக்கில். அந்தக் கண்ணாடிச் சத்தத்துக்கு எந்த ஜன்னலும் நிற்காது. இப்போதும் ஒரு விலாசத்தைப் பார்த்தால் வாசல் எங்கே என்று பார்ப்பதற்கு முன் அதன் பின்பக்கம் என்ன இருக்கிறது என்றுதான் வரைபடத்தில் தேடுகிறேன். பாச்சவில்லின் செயின்ட் ஜார்ஜ் கரையில் மணல் உண்டு என்று சொல்வார்கள். உண்டு, வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்டிய மணல். அதுவும் சின்னத் துண்டு. ஜூலையில் துண்டு விரிக்க இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

ஸ்லீமாவைப் பற்றித்தான் கொஞ்சம் நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் உங்களை அனுப்பப்போவது அங்கேதான்.

ஸ்லீமாவைப் பார்த்ததும் பலருக்கு ஏமாற்றம். தேன் நிறக் கல் வீடுகளையும் வண்ணம் பூசிய மர பால்கனிகளையும் எதிர்பார்த்து வருவார்கள். வந்து இறங்கினால் எட்டு மாடி அடுக்ககமும் கிரேனும். பழைய வீடுகளை இடித்துக் கட்டும் வேலை வருடக்கணக்காக நடக்கிறது. அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் அந்த அடுக்ககங்களுக்கு முன்னால் ஒரு கடற்கரை நடைபாதை இருக்கிறது. ஸ்லீமா முனையிலிருந்து டவர் ரோடு வழியாகப் பல்லூட்டா, அங்கிருந்து ஸ்பினோலா வரைக்கும் கடலை விடாமல் சில கிலோமீட்டர் போகும். பெரும்பாலும் சமதளம், நெடுக பெஞ்சு. சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் ஊரே அங்கே வந்துவிடும்: குழந்தை வண்டி தள்ளுகிறவர்கள், நாயோடு வருகிறவர்கள், பெஞ்சில் உட்கார்ந்து மணிக்கணக்காகப் பேசும் பாட்டிகள். மாமியார் ஒரு பெஞ்சில், சின்னவள் விளையாட்டுத் திடலில், பையன் கையில் ஐஸ்கிரீமோடு இரண்டடி தள்ளி, நீங்கள் யாரோ தெரியாது என்கிற முகத்தோடு. நீங்கள் கேட்ட கலகலப்பு இதுதான் என்று நினைக்கிறேன். பதினொன்று, பன்னிரண்டுக்கு மெல்ல அடங்கிவிடும்.

அடுத்த காரணம் படகு. ஸ்லீமாவின் இன்னொரு பக்கக் கரையிலிருந்து வலேட்டாவுக்கு ஃபெர்ரி இருக்கிறது, பத்து நிமிஷப் பயணம். பஸ்ஸில் போனால் துறைமுகத்தைச் சுற்றி, நெரிசலில் நின்று, அரை மணியோ அதற்கு மேலோ ஆகும். படகில் காற்று வாங்கிக்கொண்டே போகலாம். கோட்டை மதிலும் கார்மலைட் கோயிலின் பெரிய குவிமாடமும் மெல்ல நெருங்கி வரும். போக்குவரத்தே ஒரு பொழுதுபோக்காகிற இடம் தீவில் இது ஒன்றுதான். ஒரு எச்சரிக்கை மட்டும்: வலேட்டா பக்கம் இறங்கியதும் ஏற்றம். மாமியாருக்கு அங்கே டாக்சி பிடித்துக்கொள்ளுங்கள்.

குறை என்னவென்றால் ஸ்லீமாவில் மணல் கிடையாது. பாறையிலிருந்து இரும்பு ஏணி வழியாக ஆழத்தில் இறங்க வேண்டும். நீந்தத் தெரிந்த உங்கள் பையனுக்கு இது மணலைவிடப் பிடிக்கும். தண்ணீர் கண்ணாடி மாதிரி, குதித்தால் அடி தெரியும். சின்னவளுக்கு ஒத்துவராது. பாறையில் சதுரமாகக் குடைந்த பழைய குளியல் தொட்டிகள் இருக்கின்றன. கடல் அமைதியாக இருக்கும் நாளில் அதில் உட்கார வைக்கலாம், பக்கத்திலேயே ஒருவர் இருந்தால். எல்லோருக்கும் ரப்பர் செருப்பு வாங்கிவிடுங்கள். பாறையில் பாசி வழுக்கும், இடுக்குகளில் கறுப்பாக ஒட்டிக்கொண்டிருக்கும் கடல் முள்ளெலிகளின் முள் காலில் ஏறினால் அன்றைய பொழுது போச்சு.

மெல்லிஹாவைச் சொன்னவர் மணலை மனதில் வைத்துச் சொல்லியிருக்கிறார். அங்கேயுள்ள ஆடிராக் கடற்கரைதான் மால்டாவிலேயே நீளமான மணல்கரை, ஏறக்குறைய 800 மீட்டர். உள்ளே வெகுதூரம் போனாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது. ஏழு வயதுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல கடல் தீவில் இல்லை. ஆனால் மெல்லிஹா ஊர் இருப்பது மலைமுதுகில், கடற்கரை இருப்பது கீழே. "மெல்லிஹா ஹோட்டல், கடற்கரைக்கு அருகில்" என்று போட்டிருக்கும், வரைபடத்திலும் பக்கம்தான். இறங்குவதும் சுகம்தான். திரும்பி வரும்போது ஜூலை மாத மத்தியான வெயிலில், மணல் ஒட்டிய குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்த ஏற்றத்தை ஏறிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். மெல்லிஹா என்றால் கீழே, கரையிலேயே இருக்கும் விடுதியாகப் பாருங்கள். இல்லையென்றால் வேண்டாம். கீழே தங்கினால் ராத்திரி எட்டு மணிக்கு மேல் வாசலில் பெரிதாக ஒன்றும் இல்லை. உங்கள் பையன் மூன்றாம் நாள் போனை விட்டுத் தலை நிமிரமாட்டான்.

கோல்டன் பே, அதற்குப் பக்கத்து ஐன் துஃபீஹா இரண்டும் இன்னும் அழகு. மேற்கே பார்த்த கரைகள், சூரியன் கடலில் மறைவதை அங்கே பார்க்க வேண்டும். ஐன் துஃபீஹாவுக்கு நீளமான படிக்கட்டு இறங்க வேண்டும் என்பதால் மாமியாரை கோல்டன் பேயிலேயே நிழலில் உட்கார வைத்துவிடுங்கள். பகலுக்குப் போய் வரத்தான் இந்த இடங்கள், தங்குவதற்கு ஊர் என்று அங்கே ஒன்றும் இல்லை.

புஜிப்பா, அவ்ரா என்ற இரட்டை ஊர்களை உங்களுக்கு யாருமே சொல்லவில்லை, எனக்கு அதில் ஆச்சரியமும் இல்லை. கொஞ்சம் இளக்காரமாகப் பேசுவார்கள் அவற்றைப் பற்றி. பிரிட்டிஷ் ஓய்வூதியக்காரர்களின் ஊர் என்று பெயர். காலையில் முட்டையும் பீன்ஸும், மாலையில் பிங்கோ. ஆனால் செலவைப் பார்த்தால் ஸ்லீமாவைவிடக் கை கடிக்காது, நடைபாதை சமதளம், தேசிய மீன்காட்சியகம் அவ்ரா முனையிலேயே இருக்கிறது, கொமினோவுக்குப் படகு அங்கிருந்தே கிளம்புகிறது, ஆடிரா மணலும் ஸ்லீமாவிலிருந்து போவதைவிடக் கிட்டம். ஸ்லீமாவில் உங்கள் பணத்துக்கு நல்ல அறை கிடைக்காவிட்டால் கூச்சப்படாமல் அவ்ராவை எடுங்கள். வலேட்டாவுக்குப் போக பஸ்ஸில் முக்கால் மணியாவது உட்கார வேண்டும், அதுதான் அதற்குக் கொடுக்கும் விலை.

பெயர்களை நான் தமிழில் எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு வரைபடத்தில் தேடினால் குழம்புவீர்கள், அதனால் ஒரு சிறு குறிப்பு. மால்டா மொழி அரபியிலிருந்து கிளைத்தது, ஆனால் ரோமன் எழுத்தில் எழுதுகிறார்கள். எக்ஸ் எழுத்தை 'ஷ்' என்று படிக்க வேண்டும், க்யூ தொண்டையிலேயே நின்றுவிடும். அவ்ரா க்யூவில் தொடங்கும், மார்சஷ்லொக் என்ற ஊரின் பெயரில் நடுவே எக்ஸ் வரும். பஸ் ஓட்டுநரிடம் எழுத்துக் கூட்டிச் சொன்னால் புரிந்துகொள்வார், சிரிப்பார். ஆங்கிலமும் அங்கே ஆட்சிமொழி என்பதால் எங்கேயும் மாட்டிக்கொள்ள மாட்டீர்கள்.

வலேட்டாவிலேயே தங்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு மிகவும் பிடித்த ஊர் அது. 1565-இல் ஒட்டோமான் முற்றுகையைத் தாங்கி நின்ற பிறகு தீவை அப்போது ஆண்ட புனித ஜான் வீரர்கள் என்ற கிறிஸ்தவப் போர்வீரர் சபையினர் அடுத்த ஆண்டே கட்டத் தொடங்கிய நகரம். நேர்க்கோட்டுத் தெருக்கள், இரண்டு பக்கமும் தெருக்கோடியில் கடல். நீங்கள் இரண்டு பேர் மட்டும் வந்தால் வேறு எங்கும் தங்க வேண்டாம் என்பேன். இப்போது வேண்டாம். பல தெருக்கள் தெருவே இல்லை, படிக்கட்டு. பழைய வீடுகளை மாற்றிய சிறு ஹோட்டல்களில் லிஃப்ட் இல்லாதவை உண்டு. குளிக்கக் கரையும் சரியாக இல்லை. ஒரு முழுப் பகல் கொடுங்கள், காலையிலேயே போய்விடுங்கள். புனித ஜான் இணைப் பேராலயத்தில் இத்தாலிய ஓவியர் கரவாஜோ 1608-இல் வரைந்த பெரிய ஓவியம் இருக்கிறது, திருமுழுக்கு யோவானின் தலையை வெட்டும் காட்சி. அவர் கையெழுத்திட்டதாக அறியப்பட்ட ஒரே ஓவியம் அதுதான், அதையும் சிந்திய ரத்தத்தின் நிறத்திலேயே போட்டிருக்கிறார். தோளை மூடிய உடை வேண்டும், ஞாயிற்றுக்கிழமை சுற்றுலாப் பயணிகளுக்குத் திறக்க மாட்டார்கள். பன்னிரண்டு மணிக்குள் மேல் பராக்கா தோட்டத்துக்கு வந்துவிட்டால் கீழே பீரங்கி வெடிப்பதைப் பார்க்கலாம். உங்கள் பெண்ணின் காதைப் பொத்திக்கொள்ளுங்கள். எதிரே தெரியும் பிர்கு, செங்லேயா, போர்ம்லா என்ற மூன்று நகரங்களும் ராத்திரியில் அற்புதம், ஆனால் அவையும் உங்கள் குடும்பத்துக்குத் தங்கும் இடம் இல்லை. படி, படி, மறுபடி படி.

கோசோ. இதைச் சொன்னவர் உங்களை நேசிக்கிறவர், ஆனால் கேள்வியைக் காதில் வாங்காதவர். மால்டாவின் வடமுனையான சிர்கெவ்வாவிலிருந்து 25 நிமிஷக் கப்பலில் போனால் வருகிற தீவு. 67 சதுர கிலோமீட்டர், வயல், சிறு ஊர்கள், ஒவ்வொரு ஊருக்கும் ஊரைவிடப் பெரிய கோயில். பழைய கல் பண்ணை வீடுகளை நீச்சல் குளத்தோடு வாடகைக்கு விடுகிறார்கள். மூன்று குடும்பம் சேர்ந்து ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு சமைத்துச் சாப்பிட்டு ஒரு வாரம் கிடப்பதென்றால் கோசோவை அடிக்க ஆளில்லை. நீங்கள் கலகலப்பு கேட்கிறீர்கள். ஷ்லெண்டியிலும் மார்சல்ஃபோர்னிலும் கடலோர உணவகங்கள் இருக்கின்றன, ஆனால் அதைத் தாண்டினால் சில்வண்டுச் சத்தம்தான். ஒரு நாள் போய் வாருங்கள். பிரமிடுகளுக்கும் மூத்த ஜிகந்தியாக் கற்கோயில், ரம்லா கடற்கரையின் செம்மணல், தீவின் தலைநகரான விக்டோரியாவின் கோட்டை, இந்த மூன்றும் ஒரு நாளுக்குப் போதும். கடலில் நின்ற பாறை ஜன்னலைப் படத்தில் பார்த்துவிட்டு அதைத் தேடிப் போகாதீர்கள், அது 2017 மார்ச்சில் புயலில் இடிந்து விழுந்துவிட்டது. இன்னும் சில பயணத் தளங்களில் அந்தப் படம்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. சிர்கெவ்வாவில் போகும்போது காசு கேட்க மாட்டார்கள், பயப்படாதீர்கள், திரும்பி வரும்போது கோசோவில்தான் டிக்கெட்.

இப்போது போக்குவரத்து. கார் ஓட்டத் தெரிந்தவர்களுக்கு இடது பக்கம் ஓட்டுவது பழக்கமாக இருக்கலாம், மால்டாவிலும் இடதுதான். அந்த ஆசையில் கார் எடுக்காதீர்கள். ஸ்லீமாவில் கார் நிறுத்த இடம் தேடுவதிலேயே சண்டை வந்துவிடும், வலேட்டாவுக்குள் நுழைந்தால் கேமரா படம் பிடித்துக் கட்டணம் போடும். மெல்லிஹாவிலோ கோசோவிலோ தங்குகிறவர்களுக்குத்தான் கார். பஸ் தீவு முழுக்கப் போகிறது, கோடையில் ஒரு டிக்கெட் இரண்டரை யூரோ, இரண்டு மணி நேரத்துக்குள் மாறி ஏறலாம். நிரம்பிய பஸ் நிறுத்தத்தில் நிற்காமல் போய்விடும், அது மட்டும் ஜூலையில் சகஜம். அதனால் பஸ் கிளம்பும் இடத்துக்குப் பக்கத்தில் அறை இருப்பது பெரிய வரம். ஸ்லீமாவின் ஃபெர்ரி நிறுத்தம் அப்படி ஒரு இடம், அங்கே நின்றால் உட்காரவே இடம் கிடைக்கும். ஐந்து பேர் என்பதால் ஆடிராவுக்கும் கோல்டன் பேக்கும் செயலியில் பெரிய டாக்சியாகக் கேளுங்கள். தலைக்குப் பிரித்தால் வலிக்காது, முட்டியும் வலிக்காது.

எந்த நாளில் எந்தக் கரை என்பதைக் காற்று முடிவு செய்யட்டும். தீவில் அதிகம் வீசுவது வடமேற்குக் காற்று, மஜ்ஜிஸ்த்ரால் என்பார்கள். அது பலமாக வீசும் நாளில் கோல்டன் பேயில் அலை புரண்டு சிவப்புக் கொடி ஏறிவிடும். அன்றைக்குத் தெற்கே பிர்செப்புஜாவின் பிரெட்டி பேக்குப் போனால் தண்ணீர் குளம் மாதிரிக் கிடக்கும். துறைமுகக் கிரேன்கள் எதிரே தெரியும், அழகு கொஞ்சம் கம்மி, குழந்தைக்கு அதைப் பற்றி என்ன? வடகிழக்குக் காற்று என்றால் ஆடிராவும் ஸ்லீமாவும் அடிபடும், அன்றைக்கு கோல்டன் பே. சில நாள் ஜெல்லிமீன் கூட்டமாக ஒதுங்கும். இறங்குவதற்கு முன் உள்ளூர்க்காரர் தண்ணீரில் இருக்கிறாரா என்று பாருங்கள். அவர் கரையில் நின்றால் நீங்களும் நில்லுங்கள்.

கொமினோவின் நீல லகூனை எல்லோரும் சொல்வார்கள். தண்ணீரின் நிறம் உண்மையிலேயே அப்படித்தான், கூட்டமும் அப்படித்தான். 2024-இல் இந்தச் சின்ன நாட்டுக்கு வந்த பயணிகள் 35 லட்சத்துக்கும் மேல், ஜூலை மத்தியானம் அவர்களில் பாதிப் பேர் அங்கேதான் இருக்கிறார்கள் போலிருக்கும். 2025-இலிருந்து நேரத்தைத் தேர்ந்து முன்பதிவு செய்துவிட்டுத்தான் கரையில் இறங்க முடியும். காலை முதல் நேரத்தை எடுங்கள். மாமியாரை அழைத்துப் போக வேண்டாம். நிழல் இல்லை, பாறை, கரடு.

சாப்பாடு. பாஸ்டிட்சி என்று ஒன்று தெருவுக்குத் தெரு கிடைக்கும். அடுக்கடுக்காக மொறுமொறுவென்ற மாவுக்குள் ரிக்கோட்டா பாலாடைக் கட்டி அல்லது பட்டாணி மசியல். பட்டாணி வகையைக் கடித்ததும் மாமியாருக்குச் சமோசா நினைவு வரும். கொடுப்பதற்கு முன் கடையில் ஒரு வார்த்தை கேளுங்கள், மாவுக்குப் பன்றிக் கொழுப்பு சேர்க்கும் பழக்கம் உண்டு. பிகில்லா என்ற பீன்ஸ் விழுது, கப்புனாத்தா என்ற கத்திரிக்காய்க் கூட்டு, தக்காளி தேய்த்த ரொட்டி இவை சைவம். முயல் குழம்பு அவர்கள் தேசிய உணவு, அதை உங்கள் பையன் பார்த்துக்கொள்வான். இந்தியர்கள் நிறையப் பேர் அங்கே வேலை செய்கிறார்கள், ஸ்லீமா, கிசிரா, இம்சிடா பக்கம் இந்திய மளிகைக் கடைகளும் உணவகங்களும் இருக்கின்றன. அரிசி, தயிர், ஒரு சிறு அடுப்பு உள்ள அறையாக இருந்தால் மாமியாரின் விடுமுறை காப்பாற்றப்பட்டது. குழாய்த் தண்ணீரில் பெரும்பகுதி கடல்நீரைச் சுத்திகரித்தது, குடிக்கலாம், ஆனால் ருசி பிடிக்காது. பாட்டில் வாங்குங்கள்.

ஆக ஸ்லீமா. அதிலும் டவர் ரோடு பக்கம், பல்லூட்டாவை நோக்கி. அறை எடுக்கும்போது சில விஷயங்களை எழுதியே கேட்டு வாங்கிவிடுங்கள். வாசலில் இருந்து லிஃப்ட் வரைக்கும் படி இருக்கிறதா? பல கட்டடங்களில் லிஃப்ட் இருக்கும், அதற்கு ஏறவே ஐந்து படி இருக்கும். பக்கத்து மனை காலியா, கட்டடம் கட்டுகிறார்களா? ஏசி வாடகையில் சேர்ந்ததா, மீட்டர் வைத்துத் தனியாகக் கேட்பார்களா? வீடு மாதிரி எடுக்கும் இடங்களில் இது ஒரு பழைய கூத்து, ஜூலைக் கடைசியில் வெயில் 32 டிகிரியைத் தொடும்போது ஏசி இல்லாமல் தூங்க முடியாது. 'பக்கவாட்டுக் கடல் காட்சி' என்றால் பால்கனியில் எட்டிக் குனிந்தால் ஒரு கையகலம் கடல் தெரியும் என்று அர்த்தம். அதற்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். நேர்க்காட்சி அல்லது பின்பக்கம். பின்பக்க அறை ராத்திரி அமைதி, கடலைத்தான் வாசலிலேயே பார்க்கப் போகிறீர்களே. மொட்டைமாடியில் குளம் இருக்கிற ஹோட்டலாக இருந்தால் சின்னவளுக்கு மணல் இல்லாத நாட்களும் ஓடிவிடும்.

இவ்வளவு பார்த்தும் ஒருநாள் காலை எட்டு மணிக்குக் குண்டு வெடிக்கிற மாதிரிச் சத்தம் கேட்டு எழுந்து உட்காருவீர்கள். பயப்பட வேண்டாம், அக்கம்பக்கத்து ஏதோ கோயிலின் திருவிழா. கோடை முழுக்க ஊர் ஊராக நடக்கும், அதிர்வேட்டு இல்லாமல் அவர்களுக்குத் திருவிழா கிடையாது. தூக்கம் போச்சே என்று கோபப்படுவதற்குப் பதில் அது எந்த ஊர் என்று ரிசப்ஷனில் கேட்டு அன்று ராத்திரி அங்கே போய்விடுங்கள். பேண்டு வாத்தியம், தோளில் சாமி சிலை, தெருவெல்லாம் விளக்கு, நௌகட் மிட்டாய்க் கடை, வாணவேடிக்கை. ஐந்து பேருக்கும் ஒரே நேரத்தில் பிடிக்கிற ஒரு சாயங்காலம் அதுவாகத்தான் இருக்கும்.

எங்கிருந்து வருகிறீர்கள் என்று சொல்லவில்லை. இந்தியப் பாஸ்போர்ட் என்றால் ஷெங்கன் விசா வேண்டும், கோடையில் அதற்கான நேரம் கிடைப்பதே திண்டாட்டம், இப்போதே பாருங்கள்.

ஹோட்டலுக்கும் முன்னால் இன்னொன்றை எடுத்துவிடுங்கள். பவோலாவில் ஹைபோஜியம் என்று ஒரு நிலத்தடிக் கல்லறை இருக்கிறது. ஐயாயிரம் வருடத்துக்கு முன் பாறையைக் குடைந்து மூன்று அடுக்காகச் செய்தது, 1902-இல் வீடு கட்டத் தோண்டும்போது கிடைத்தது. மூச்சுக் காற்றில் சுவர் கெட்டுவிடும் என்று ஒரு முறைக்குப் பத்துப் பேரைத்தான் உள்ளே விடுகிறார்கள், ஒரு நாளைக்கு 80 பேர். ஆறு வயதுக்குக் கீழே அனுமதி இல்லை, உங்கள் பெண் தப்பித்தாள். உள்ளே படி இருக்கிறது, மாமியாருக்கு டிக்கெட் வேண்டாம். ஜூலைக்கு நாலு டிக்கெட் இன்னும் மிச்சம் இருந்தால் இன்றைக்கே எடுங்கள், அந்த நாளை நடுவில் வைத்துக்கொண்டு மற்ற ஆறு நாளைப் போடலாம். அறை கிடைக்கும்.